சாயம் போகாத கல்

கொரோனாவுக்காகத் திருத்தணி மலையை அடைத்து வைத்திருந்துவிட்டு, மறுபடியும் ஆடிக்கிருத்திகைக்குக் காவடிகளை ஏறவிட்டார்களே, அந்த வருடம்தான். ஆடி முடிந்திருந்தது. காவடிகளிலிருந்து உதிர்ந்த சாமந்தி ரோட்டோரமெல்லாம் சருகாகிக் கிடந்தது. காற்று அடித்தால் அந்தச் சருகு எழுந்து கொஞ்ச தூரம் நடந்துபோய் மறுபடி உட்காரும். நான் வாசலில் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதானவனுக்கு அதுவும் ஒரு வேலை.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் இப்போதே “அப்புறம்?” என்கிறார். வருகிறேன். சாயத்தைக் கரைத்த உடனே நூலைப் போட முடியுமா? கொஞ்சம் தெளிய வேண்டும்.

எங்கள் ஊர் அம்மையார்குப்பம். நெசவுதான் பிழைப்பு. கைத்தறியில் தொடங்கினேன், இப்போது வீட்டில் பவர்லூம் ஓடுகிறது, மகன் பார்த்துக்கொள்கிறான். தறி ஓடும் வரைக்கும் எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. கரண்டு போனால்தான் குருவி இருப்பதே தெரியும். அன்றைக்குக் கரண்டு போயிருந்தது. அந்த அமைதியில் ஒரு கார் வந்து நின்றது. முதலில் இறங்கியது என் பாவா.

பாவா என்றால் என் மனைவியின் அண்ணன். கனகம்மாசத்திரத்தில், திருப்பதி போகிற ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறார். டீ சுமாராக இருக்கும். பேச்சுக்காகத்தான் ஆள் நிற்கும்.

“மாப்ள, எந்திரி. உன் சாயக்கல்லப் பாக்க மெட்ராஸ்லேந்து ஆள் வந்துகீது.”

“எந்தக் கல்லு பாவா?”

“வூட்ல எத்தினி கல்லு வெச்சிகினு கீற? அதான்யா, சோடாவுல போட்டு அவிச்சியே, அந்தக் கல்லு.”

காரிலிருந்து ஓர் அம்மா இறங்கினார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், தலையில் துணித்தொப்பி, இடுப்பில் சுத்தியல். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்னப் பூதக்கண்ணாடி தொங்கியது. காலேஜில் பாறைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவராம். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் குன்றுகளைப் பார்க்க வந்தவர், பாவா கடையில் டீ குடிக்க நின்றிருக்கிறார். மேசைமேல் அவர் பரப்பி வைத்த கற்களைப் பார்த்ததும் பாவாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் தங்கச்சி வீட்டில் ஒரு கல் இருக்கிறது, இப்படிப் பார்த்தால் நீலம், அப்படிப் பார்த்தால் மஞ்சள் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பாவாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

“ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கணும்” என்றார். “அந்த மாதிரிக் கல் இந்தப் பக்கத்துல கிடைச்சதா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. ஒரு தரம் பார்க்கலாமா?”

“அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? அது வெறும் வெங்கச்சங்கல்லும்மா, வெள்ளக் கூழாங்கல்லு. எங்க சாயம் ஏறினது.”

உள்ளேயிருந்து என் மனைவியின் சிரிப்பு கேட்டது. “ஆரம்பிச்சிட்டாரு.”

பித்தான்களும் ஊக்குகளும் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து, அதிலிருந்து அந்தக் கல்லை எடுத்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். நெல்லிக்காய் அளவுதான். ரொம்ப நாள் அது தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற ராட்டையின் ஆடுகிற காலுக்கு முட்டாகக் கிடந்தது. மோட்டார் வைத்த ராட்டை வந்தபிறகு, தூக்கி எறியாமல் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

அந்தக் கல் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். புதுத்தறி போட்டால் அதில் அறுக்கிற முதல் சேலையைத் திருத்தணி மலைக்குக் கொண்டுபோய் வள்ளியம்மைக்குக் கொடுத்துவிடுவோம். நான் தனியாகத் தறி போட்ட வருடம், நூலுக்குச் சாயமும் நானே தோய்த்தேன். அதுவரைக்கும் என் நைனாதான் தோய்ப்பார். பாவு நீலம், ஊடை சந்தனம். அதாவது நீளவாட்டு நூல் நீலம், குறுக்கே ஓடுவது சந்தனம். அப்படி நெய்த சேலையை இந்தப் பக்கம் நின்று பார்த்தால் நீலம். இரண்டடி தள்ளி நின்றால் சந்தனம். மடிப்பை அசைத்தால் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். தறியிலிருந்து அறுத்த அன்று என் மனைவி அதைத் தூக்கி வெயிலில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். நான் அவளைப் பார்த்தேனா, சேலையைப் பார்த்தேனா என்று இப்போது தெரியவில்லை.

ஆடிக்கிருத்திகைக்கு நடந்தே கிளம்பினோம். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. சேலையைத் துண்டில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு அவள் முன்னே போனாள். குன்றுகளின் ஓரமாகப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு பாறையின் அடியில் உட்கார்ந்தோம். வானத்துக்கும் தரைக்கும் பாவு விரித்ததுபோல மழை நூல் நூலாக நின்றது. அந்தப் பக்கம் ரோடு இல்லை, ஊர் இல்லை, கோயில்கூட இல்லை. புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்துச் சாப்பிட்டோம். பாறையிலிருந்து சொட்டிய தண்ணீரில் அவள் கை கழுவினாள். கழுவினவள் காலடியிலிருந்து ஏதோ எடுத்துப் பார்த்தாள்.

“த பாரு, நம்ம சேல கலர்லயே ஒரு கல்லு.”

வாங்கிப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. நீலம். எனக்குத் துணுக்கென்றது. அவள் மடியிலிருந்த துண்டைத் தொட்டேன்; ஒரு முனை நனைந்திருந்தது. கல்லைத் திருப்பினேன். சந்தனம். பாவுச் சாயம் ஒரு பக்கம், ஊடைச் சாயம் ஒரு பக்கம்!

“போச்சு. ரெண்டு சாயமும் எறங்கிடுச்சி.”

“இன்னாயா பேசற? துண்டு வெள்ளையாவே கீது பாரு. கல்லு கலரே அதான்யா.”

நான் கேட்கவில்லை. சாயம் தோய்ப்பவனுக்கு அதுதான் பயம். முதல்முதலாகத் தானே தோய்த்தவனுக்கு அதைத்தவிர வேறு நினைப்பே இருக்காது. உலகத்தில் ஒரு நிறத்தைப் பார்த்தால், அது எந்த நூலிலிருந்து இறங்கியது என்றுதான் எனக்குத் தோன்றும். துண்டு வெள்ளையாக இருந்தது உண்மை. அது என் கண்ணில் படவில்லை.

மலை ஏறினோம். கூட்டம். சேலையை வாங்கிய பெரிய குருக்கள், “நனைஞ்சிருக்கேப்பா, சாயம் நிக்குமோன்னோ?” என்று கேட்டார். நான் வாயைத் திறந்து, “சந்தேகந்தான் சாமி” என்றேன். அப்படியானால் சாத்த வேண்டாம், அபிஷேக ஈரத்தில் மற்ற வஸ்திரத்தில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கட்டும் என்று எடுத்து வைத்துவிட்டார். அவர் சொன்னது சரிதானே. என் மனைவி எனக்கு முன்னாலேயே படி இறங்கிப் போனாள். கல் மட்டும் அவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

பிறகு நான் அதைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். சலவை சோடாவில் போட்டுக் கொதிக்க வைத்தேன். நிறம் இறங்கவே இல்லை. பரவாயில்லை, நல்ல சாயம்தான் தோய்த்திருக்கிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

“சேலையில நிக்காத சாயம் கல்லுல மட்டும் எப்டியா நிக்கும்?” என்று அவள் கேட்டாள். நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். இது நடந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் ஒவ்வோர் ஆடியிலும் அவள் ஒரு தடவையாவது சொல்வாள்: “அந்தச் சேலையக் கட்டினாங்களோ இல்லையோ.”

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் அன்றைக்குச் சொன்னேன். இடையிடையே பாவா திருத்தினார். அவர் அன்றைக்கு எங்களோடு வரவே இல்லை; இருந்தாலும் திருத்தினார்.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியை எடுத்து ஓரத்தில் கீறினார். ஓரம் பச்சை கலந்த சாம்பலாக, சோப்புப்போல வழவழவென்று இருந்தது; கீறினதும் பொடி உதிர்ந்தது. நடுவில் கீறினார். கத்திதான் தேய்ந்து கல்மேல் ஒரு கோடு விட்டது. காரிலிருந்து பழைய கண்ணாடித்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கல்லின் முனையால் இழுத்தார். கண்ணாடியில் கீறல் விழுந்தது. அப்புறம் என் மனைவி கொண்டுவந்த சொம்புத் தண்ணீரில் கல்லை முக்கி எடுத்து, தெருவின் நடுவே போய் நின்று வானத்தைப் பார்த்துப் பிடித்தார். மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திருப்பினார். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து அவர்களும் வானத்தைப் பார்த்தார்கள்.

“இங்க வாங்க ஐயா. நீங்களே பிடிச்சுப் பாருங்க.”

பிடித்தேன். கண்ணில் புரை எடுத்தபிறகு எனக்கு நிறமெல்லாம் புதிதாகத் தெரிகிற சமயம் அது. கல்லுக்குள் மழைக்கு முந்தின வானம் இருந்தது. நீலம் என்றால் ஊதாவில் கொஞ்சம் தோய்ந்த நீலம். கொஞ்சம் திருப்பினேன். சாம்பலாகிப் போனது. இன்னும் திருப்பினேன். நீலம் இருந்த சுவடே இல்லை. வைக்கோல் போல, நீர்த்த சந்தனம் போல ஒரு வெளிர்மஞ்சள். மறுபடி திருப்பினால் நீலம் திரும்பி வந்தது. எங்கே போயிருந்தது, எங்கேயிருந்து வந்தது?

“சாயம்னா எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே சாயம்தானே ஐயா?”

“சேலையில மாறுதேம்மா.”

“சேலைல ரெண்டு நூல் இருக்கு. இதுல ஒரே பொருள்தான். வெளிச்சம் எந்தத் திசையில இதுக்குள்ள போகுதோ, அதுக்கு ஏத்த நிறம். வெங்கச்சங்கல் இப்படிச் செய்யாது. நீலக்கல்லா இருந்தா கைக்குக் கனமா இருக்கும், இது லேசு.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். “கார்டியரைட்னு நினைக்கிறேன். பாறைக்குள்ள கலங்கலா இருந்தா வெங்கச்சங்கல்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவாங்க. இவ்வளவு தெளிவாக் கிடைக்கிறது அபூர்வம்.”

“பேரு வாய்ல நொழையலயே மேடம்” என்றார் பாவா. “சாயக்கல்லுனே வெச்சிக்கலாம்.”

எனக்கு இன்னும் ஒரு முடிச்சு அவிழவில்லை. “அத்தினி மழையில, உள்ள வரைக்கும் ஊறியிருக்கலாம் இல்லம்மா?”

அவர் சிரிக்கவில்லை. “இருக்காது ஐயா. ஆனா இந்தக் கல்லை வச்சு மட்டும் நான் அடிச்சுச் சொல்லக் கூடாது. இது எங்கேர்ந்து உடைஞ்சு விழுந்ததோ அந்தத் தாய்ப்பாறையைப் பார்க்கணும். இல்லேன்னா ஜல்லி லாரிலேர்ந்து விழுந்ததுன்னு சொல்லிடுவாங்க. பாறையை உடைச்சு உள்ள பார்த்தா, உங்க கேள்விக்கும் பதில் கிடைச்சுடும். அந்த இடம் ஞாபகம் இருக்கா?”

எனக்கும் என் மனைவிக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. வேறு வேறு இடம்.

“மாந்தோப்பு தாண்டி முதல் குன்று” என்றேன் நான்.

“இன்னாத்த முதல் குன்று? அங்க நிக்கறதுக்கே எடம் கெடையாது. அதுக்கு அப்பால, ஓடை இறங்கற எடம். புட்டா போட்ட பாறை.”

“புட்டான்னா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“சேலையில சின்னச் சின்னதாப் பூ போடுவோமேம்மா, அது. அந்தப் பாறைல யாரோ குந்தி புட்டா போட்டாப்ல செவப்பு செவப்பாப் பொட்டு. அரிசி அளவுல சிலது, கடலை அளவுல சிலது. நான் தொட்டுத் தொட்டுப் பாத்தேனே.”

அந்த அம்மா தொப்பியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். “அது கார்னெட் அம்மா, பாறைக்குள்ள இருக்கிற சிவப்பு மணிக்கல். இதுக்குக் கூட்டாளி அதுதான்.”

என் மனைவிக்கு முட்டிவலி. குன்றுப் பக்கம் நடக்க முடியாது. “நான் போன்ல வர்றேன்” என்றாள்.

பாவா, நான், அந்த அம்மா மூவரும் போனோம். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. முதலில் நான் பிடிவாதமாக என் குன்றுக்குத்தான் கூட்டிப்போனேன். பாறையில் சிவப்புப் பொட்டு இருக்கத்தான் செய்தது. அந்த அம்மா நகத்தால் சுரண்டினார். வந்துவிட்டது, பாறையில் படர்கிற பாசிபோல ஏதோ ஒன்று.

“மாப்ளைக்கு எல்லாமே மேலால ஒட்டினதுதான்” என்றார் பாவா. போனில் என் மனைவி சிரித்தாள்.

அவள் குரல் சொல்லச் சொல்ல நடந்தோம். அவள் வீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். “எடது பக்கம் சப்பாத்திக்கள்ளி இருக்குதா? இல்லியா? வெட்டியிருப்பாங்க. ஓடை மணல் கால்ல படுதா? அப்ப நிமிந்து பாரு.” அவள் சொன்னதில் பாதி இப்போது இல்லை. ஆனால் இல்லாத கள்ளியையும் இல்லாத பனையையும் தாண்டித்தான் நாங்கள் போனோம். யார் நடக்கிறார்கள், யார் வழி சொல்கிறார்கள் என்பதே குழம்பிவிட்டது. ஈரத்துண்டு மணம்கூட எனக்கு வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பாறை.

யாரோ அதன் நெற்றியில் கட்சிச் சின்னம் வரைந்திருந்தார்கள். அடியில் ஆட்டுப் புழுக்கை. அந்த அம்மா குனிந்து உள்ளே போனார். பாட்டில் தண்ணீரைப் பாறைமேல் ஊற்றினார். தண்ணீர் இறங்க இறங்க, சாம்பல் நிறத்தில் சிவப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. கழுத்துக் கண்ணாடியை ஒட்ட வைத்து, கன்னம் பாறையில் படுகிற அளவுக்குப் பார்த்தார். பொட்டுகளைச் சுற்றிப் பனி படர்ந்ததுபோல ஒரு மங்கல் இருந்தது. அதில் எனக்கு நீலமும் தெரியவில்லை, சந்தனமும் தெரியவில்லை. அப்படியானால் சாயம் இறங்கியது என்று நான் சொன்னதுதான் சரி. சரியாக இருக்கக் கூடாதே என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தேன்.

“மேல வெயிலும் மழையும் தின்னுருக்கு ஐயா. உடைக்கட்டுமா?”

“ஒடைங்கம்மா.”

ஓரத்தில் ஒரு விளிம்பைத் தேர்ந்தெடுத்து அடித்தார். சத்தம் குன்றில் மோதித் திரும்பி வந்தது. மறுபடி அடித்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராக என்னிடம் நீட்டினார்.

உள்ளே நீலம். சிவப்புப் பொட்டுகளுக்கு நடுவில், கண்ணாடிபோல உடைந்து, அப்போதுதான் தொட்டியிலிருந்து எடுத்த நூல்போல நீலம். மழை படாத, வெயில் படாத, யாருடைய சேலையும் தொட்டிருக்க முடியாத இடம். நான் சில்லைச் சாய்த்தேன். நீலம் மெதுவாக விலகிச் சந்தனம் வந்தது. நான் பிறப்பதற்கு முன்னால், எங்கள் தாத்தா தறி போடுவதற்கு முன்னால், நெசவு என்று ஒன்று வருவதற்கு முன்னாலேயே இது இருட்டுக்குள் யாருக்கும் காட்டாமல் இந்த இரண்டு நிறத்தையும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“கார்டியரைட்தான்” என்றார் அந்த அம்மா. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா, சத்தமே காணோம்?” போனில் என் மனைவி. “கெடச்சுதா, இல்லியா?”

“கெடச்சுதும்மா” என்றார் பாவா. “உள்ளார வரைக்கும் நீலம்.”

“அவர்கிட்ட குடுண்ணா.”

வாங்கினேன்.

“இன்னாயா, சாயம் போச்சா?”

“போவல.”

எங்கள் தெருவில் கரண்டு வந்திருக்க வேண்டும். தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு சொன்னாள், “அப்ப அந்தச் சேலையக் கட்டியிருக்கலாம் இல்ல, வள்ளிக்கு.”

பாறையிலிருந்து எடுத்த சில்லுகளை அந்த அம்மா துணியில் சுற்றி எடுத்துப்போனார். இன்னும் என்னென்னவோ சோதனை இருக்கிறதாம். அதற்கப்புறம் போன் செய்து, சந்தேகமில்லை என்று சொன்னார். என் மனைவியின் கல்லை அவர் கேட்கவில்லை. அது இப்போது டப்பாவில் இல்லை, ஜன்னலில் இருக்கிறது. காலையில் காபி குடிக்கும்போது அவள் அதை எடுத்து ஒரு திருப்பு திருப்பி வைப்பாள். அன்றைக்கு எந்த நிறம் வேண்டுமோ அந்த நிறம்.

நான் திருத்தணிக்குப் போனேன். இப்போது மலைமேலேயே பஸ் போகிறது. வரிசையில் நின்று உள்ளே போனபோது, அந்தப் பெரிய குருக்கள் இல்லை. அவர் காலமாகி எத்தனையோ காலம். அவர் மூக்கை வைத்துக்கொண்டு வேறொருவர், மகனோ பேரனோ, நின்றிருந்தார். “சாமி, அந்தக் காலத்துல ஒரு சேல குடுத்தோம்” என்று ஆரம்பித்தேன். “சேலையா? கவுண்டர்ல குடுங்கோ” என்றார். பின்னால் இருந்தவர்கள், “நகருங்க பெரியவரே” என்றார்கள். அந்த இடத்தில் நின்று ஒரு கல்லைப் பற்றி எப்படிச் சொல்வது? வெளியே வந்து, எங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்றுகள் வெயிலில் நீலமாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கினேன்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மலைக்குப் போவீர்கள், இல்லை போகிறவர்கள் யாரையாவது தெரிந்திருக்கும். அந்தக் குருக்கள் வீட்டாரையோ மடப்பள்ளியில் சமைக்கிறவர்களையோ கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது பார்த்தால் சொல்லுங்கள். நீலப் பாவு, சந்தன ஊடை, புட்டா கிடையாது, கரை ஒரு விரல் அகலம். எங்காவது பெட்டியில் மடித்தபடி இருக்கலாம். பிரசாதமாக யார் வீட்டுக்காவது போயிருக்கலாம். யாரிடம் இருந்தாலும் சரி, அதைத் தண்ணீரில் நனைக்கலாம், மழையில்கூட கட்டிக்கொண்டு போகலாம். சாயம் போகாது. நெய்தவன் சொன்னான் என்று சொல்லுங்கள். இல்லை, அவன் பெண்சாதி சொன்னாள் என்றே சொல்லுங்கள். முதலில் சொன்னது அவள்தான்.